பிள்ளைபிடிகாரன்

முதல் அடியை அடித்தவன் தவராசாதான்.

மாங்குளம் புகையிரத நிலையத்துப் பக்கமிருந்து ஒருவன் இன்னும் பேச்சு வராத சிறு பிள்ளையொன்றைத் தூக்கிக்கொண்டு சந்தியை நோக்கி ஓடி வந்தான். பிள்ளை வீரிட்டு அழுதது. பின்னால் ஒரு பெண், சேலை காலில் தடக்கத் தடக்க, "ஐயோ, என்ர பிள்ளையைக் கொண்டு ஓடுறான், மறியுங்கோ!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

தவராசா தன் சைக்கிள் கடை வாசலில் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கம்பியோடு அப்படியே பாய்ந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தவனின் தாடையில் கம்பி விழுந்தது. பிள்ளையை நிலத்தில் படவிடாமல் நெஞ்சோடு அணைத்தபடியே அவன் முழங்காலில் சரிந்தான்.

"விழுந்தும் விடுறானில்லைப் பாருங்கோ!" என்றான் தவராசா. கையைப் பிரித்தெடுக்க இன்னும் இரண்டு பேர் வரவேண்டியிருந்தது.

குளக்கட்டை உயர்த்தத் தொடங்கிய நாளிலிருந்தே ஊருக்குள் ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது. கட்டு நிற்கவேண்டுமென்றால் பிள்ளைப் பலி கேட்குமாம், அதற்கு ஆள் பிடிக்கிறார்களாம். பலர் சிரித்தார்கள். முந்தநாள் புளியங்குளத்தில் முற்றத்தில் விளையாடிய பிள்ளையொன்று காணாமல் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

தவராசாவின் மனைவி ஜெகதீஸ்வரி மகளைப் பள்ளிக்கூடம் விட மறுத்தாள். "நீங்கள் ஆம்பிளையள் என்ன செய்யிறியள்?" என்று அவள் கேட்ட கேள்வி அவனைத் தைத்துவிட்டது. அன்றே சந்திக் கடைக்காரரைக் கூட்டி ஊர்க்காவல் தொடங்கினான். பொலிஸை நம்பிக்கொண்டு இருக்கேலாது என்று அவன் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

இப்போது அந்த எல்லோரும் பாலை மரத்தடியில் நின்றார்கள். பிடிபட்டவனை மரத்தோடு சேர்த்துக் கட்டியாயிற்று.

"புளியங்குளத்துப் பிள்ளையை எங்கையடா வைச்சிருக்கிறாய்?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் கண்கள் அகன்றன. தாடை தொங்கிப்போயிருந்தது. இரத்தத்தோடு ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"வண்டி... வண்டி..."

"கூட்டாளி வண்டியிலை வாறான் போலை கிடக்கு. ரெண்டு பேர் போய் ஸ்டேசனிலை நில்லுங்கோ" என்றான் தவராசா.

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கி அணைத்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள். வெளுத்த சேலை, நெற்றியில் அழிந்த பொட்டு. தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது பறித்துக்கொண்டு ஓடினானாம்.

"தங்கச்சி, பொலிஸ் வருமட்டும் இருங்கோவன். ஒரு வாக்குமூலம் குடுத்திட்டுப் போகலாம்" என்றார் சுருட்டுக்கடை இளையதம்பி.

"என்னாலை ஏலாது அண்ணை. இஞ்சை நிக்கவே நெஞ்சு பதறுது. பிள்ளையின்ர அப்பா யாழ்ப்பாணத்திலை பார்த்துக்கொண்டு நிப்பார்."

அவள் அழுததைப் பார்க்கத் தவராசாவுக்குத் தன் மனைவியின் நினைவு வந்தது. ஜெகதீஸ்வரியாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"அவாவை மறிக்காதேங்கோ. சாட்சிக்கு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறம்தானே."

பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தான். வண்டி வந்ததும் யன்னலோரம் இடம் பிடித்து அவளை இருத்தி, மடியில் பிள்ளையை வைத்தான். வாழைப்பழச் சீப்பொன்றையும் வாங்கிக் கொடுத்தான். பிள்ளை இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது. பயம் தெளிய நேரமெடுக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"உங்களை உயிருள்ளவரைக்கும் மறக்கமாட்டன்" என்று அவள் கைகூப்பினாள்.

வண்டி கூவிக்கொண்டு புறப்பட்டபோது மரத்தில் கட்டியிருந்தவன் திமிறினான். கயிறு மணிக்கட்டை அறுத்து இரத்தம் கசிந்தது. மனிதக் குரல் போலவே இல்லாத ஓர் ஊளை அவனிடமிருந்து எழுந்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் தலை தொங்கிவிட்டது. அதன்பிறகு எத்தனை அடி விழுந்தும் அவன் முனகவே இல்லை.

தவராசா இடையில் புகுந்தான். "காணும், விடுங்கோ. இனிப் பொலிஸ் பார்க்கட்டும்" என்று தடிகளை வாங்கி வைத்தான்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், புளியங்குளம் வீதியால் பொலிஸ் ஜீப்பொன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சார்ஜன் சிற்றம்பலம் இறங்கினார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

தவராசா முன்னால் ஓடினான். "சேர், நீங்கள் தேடித் திரியிறவனை நாங்கள் பிடிச்சிட்டம்!"

சார்ஜன் மரத்தடிக்குப் போனார். வீங்கிப்போயிருந்த முகத்தை நாடியில் பிடித்து நிமிர்த்தினார். பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கயிற்றைத் தன் கையாலேயே அறுக்கத் தொடங்கினார்.

"என்ன சேர், அவிழ்க்கிறியள்?"

"இவரைப் பிள்ளையோடையோ பிடிச்சனீங்கள்?"

"ஓம் சேர். கையும் மெய்யுமாப் பிடிச்சம். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. தாயிட்டைக் குடுத்து, நானே வண்டியேத்தி விட்டனான். இப்ப யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும்."

பாதி அறுத்த கயிற்றை விட்டுவிட்டு சார்ஜன் நிமிர்ந்தார்.

"தாய் புளியங்குளத்திலை அன்னந்தண்ணியில்லாமல் கிடக்கிறா, தவராசா. இவரின்ர மனுசி."