பன்னிரண்டாம் நம்பர் வீட்டுப் பம்ப்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், பன்னிரண்டாம் நம்பர் வீட்டுத் தண்ணீர் பம்ப் கத்த ஆரம்பித்துவிடும்.

சத்தம் மட்டும் என்றால் அருள்நேசன் பொறுத்துக்கொண்டிருப்பார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவருக்குச் சத்தம் புதிதல்ல. ஆனால் அவர் மனைவி இராசம்மா பக்கவாதம் வந்து படுத்து ஒன்றரை வருடமாகிறது. பம்ப் கத்தும்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டு மிரள மிரளப் பார்ப்பாள். பேச்சு வராது. அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பிரேமாவதி கையுறை கம்பெனியில் வேலை செய்பவள். ரப்பர் தோட்டத்திலிருந்து இந்தச் சுங்கை லாலாங் தாமான் குடியிருப்புக்கு வந்து மூன்று வருடம் இருக்கும். அவளிடம் மூன்று தடவை நேரிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார்.

“சரிங்க அண்ணே, பாக்குறேன்லா” என்பாள் ஒவ்வொரு தடவையும். மறுநாள் ஆறு மணிக்குப் பம்ப் மறுபடி கத்தும்.

‘தோட்டத்துப் பழக்கம். பக்கத்து வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை’ என்று அருள்நேசன் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். பிறகு குடியிருப்போர் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம், மலாயில் ஒரு கடிதம் எழுதினார். இரண்டிலும் யார் யாருக்கு நகல் என்று அடியில் ஐந்து பேர் கொண்ட பட்டியல். சங்கம் அரண்டுவிட்டது. சனிக்கிழமை பிளம்பர் வருவார், சத்தத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் பம்பையே கழற்றிவிடுவார் என்று உடனே பதில் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பிளம்பர் முருகையா பக்கத்து வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார்.

“இண்டைக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டுறன்” என்று இராசம்மாவிடம் சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு, அருள்நேசன் கிளம்பினார்.

முருகையா பம்பைப் போட்டார். கத்தியது. நிறுத்தினார். தரையிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“பம்ப் நல்லாத்தான் இருக்கு சார்.”

“இதுவோ நல்லா இருக்கு?”

“கீழ் டாங்கில தண்ணி இல்ல. வெறும் காத்தை இழுக்குது. அதான் கத்துது.”

“தண்ணி இல்லாட்டி ஏன் போடுறது?” அருள்நேசன் பக்கத்தில் நின்ற பிரேமாவதியைக் கேட்டார்.

“வேலை விட்டு வந்து, அடியில கிடக்குறதையாச்சும் மேல் டாங்கிக்கு ஏத்தணும்ல அண்ணே. பிள்ளைங்க குளிக்கணும்.” அவள் முருகையா பக்கம் திரும்பினாள். “கழட்டிருங்கண்ணே. நான் வாளியில மொண்டுக்கிறேன்.”

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அருள்நேசன் எதிர்பார்க்கவில்லை. மனசாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். ஜெயித்தவருக்குக் கொஞ்சம் பெருந்தன்மையும் வந்தது.

“பொறும். நல்ல பம்ப் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்கா வந்து பாரும். அதே மாதிரி ஒண்டை இவைக்கும் எடுத்துக் குடுக்கலாம்.”

முருகையா நகரவில்லை. பிரேமாவதியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அருள்நேசன் அதற்குள் தன் வீட்டு கேட்டைத் திறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் முருகையாவும் பின்னால் போனார்.

வீட்டின் பின்பக்கம், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள், பம்ப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இராசம்மா படுத்தாப் பிறகு மகன் நிமல் வந்து இதைப் பூட்டித் தந்தது. கேட்டீரா, ஒரு சத்தம் இல்லை. இருக்கிறதே தெரியாது.”

“தெரியும் சார். பாத்திருக்கேன்.”

“நீரோ? எப்ப?”

“போன மாசம். அந்த அக்கா, டாங்கி ஏன் நெறைய மாட்டேங்குதுன்னு பாக்கச் சொன்னாங்க. பின்பக்கம் பைப்பைப் பாத்துக்கிட்டே வந்தேன். இங்க வந்து நின்னுச்சு.” முருகையா குனிந்து காட்டினார். “நேரா மெயின் பைப்ல மாட்டியிருக்காங்க சார். அப்படி மாட்டக்கூடாது, தண்ணி ஆபீஸ்ல தெரிஞ்சா சம்மன் குடுப்பாங்க. லைன்ல வர்ற தண்ணி மொத்தத்தையும் இதே இழுத்துரும். அடுத்த வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் போகும்.”

முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குச் சட்டம் சொன்ன மனிதர் அருள்நேசன். பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

“அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“அன்னைக்கே சொல்லிட்டேன் சார். ஒரு ரிப்போர்ட் குடுங்கக்கா, ஒரே நாள்ல வந்து கழட்டிட்டுப் போயிருவாங்கன்னு கூடச் சொன்னேன்.”

“பிறகு ஏன் குடுக்கேல்லை?”

முருகையா மூடியைத் திரும்பப் பொருத்தினார்.

“‘அங்க படுத்துக் கிடக்குற அக்காவுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை துணி மாத்துறாரு, கொடியைப் பாத்தாலே தெரியுது. தண்ணி அங்கயே போகட்டும், திட்டு இங்க வரட்டும்’னாங்க சார்.”