அவிச்ச கடலை டீச்சர்

எம் மக திரிஷாவுக்கு எட்டாவது பொறந்தநாள். சின்னமனூர்ல பேக்கரி வச்சிருக்கிறவன் நான், சும்மா விடுவேனா? வகுப்புல இருக்கிற நாப்பது பிள்ளைகளுக்கும் கப் கேக் போட்டு, நானே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன்.

ஜெபஷீலா டீச்சர் வாசல்லயே மறிச்சுட்டாக.

“இனிப்பு கூடாது சார். பிள்ளைங்க சாப்பாட்டுக்கு அரசாங்கத்துல வழிகாட்டுதல் போட்டிருக்காங்க. காய், பழம், பயறு நெறைய இருக்கணும். பொறந்தநாளுக்கு மிட்டாய், கேக் எதுவும் கூடாது. வேணும்னா அவிச்ச கடலை கொண்டு வாங்க.”

எனக்கு மண்டை சூடாகிப் போச்சு. பேக்கரிக்காரன் மக பொறந்தநாளுக்கு அவிச்ச கடலையா? ஊரு சிரிக்காதா?

திரிஷா அழுதுகிட்டே வகுப்புக்குப் போனா. அத்தனை கேக்கையும் நான் வந்த வழியே திருப்பித் தூக்கிட்டு வந்தேன்.

அன்னைக்கே உக்காந்து, அந்தம்மாவை வேற ஊருக்கு மாத்தணும்னு மனு எழுதினேன். மத்த பெத்தவுகளைப் போய்ப் பார்த்தா, அவுகளுக்கும் அதே எரிச்சல்தான். ஒருத்தர் கொண்டுபோன சாக்லேட் திரும்பி வந்துச்சாம், இன்னொருத்தர் வீட்டு லட்டு. வாசல்ல நின்னு கண்டபடி ஏசிப் பார்த்தும் டீச்சர் அசையலையாம். ரெண்டே நாள்ல முப்பத்தஞ்சு கையெழுத்து சேர்ந்துருச்சு.

மிச்சத்துல ஒண்ணு என் கடைக்குள்ளயே இருந்துச்சு. எங்க கேக் மாஸ்டர் பேச்சிமுத்து. அவன் மகன் கார்த்திக்ராஜும் அதே வகுப்புதான். மனுவை நீட்டினேன். மாவுக் கையைத் துடைச்சவன், பேனாவை வாங்கலை.

“டீச்சரை மாத்திறாதீக மொதலாளி.”

“ஏம்ப்பா, அந்தம்மா உனக்கு என்ன சொந்தமா?”

அடுப்பைத் தணிச்சு வச்சான். அப்புறம் ஒண்ணொண்ணாச் சொன்னான். மகனுக்குப் போன வருசம் சர்க்கரை நோய்னு தெரிஞ்சிருக்கு. தெனம் மத்தியானம் இவன் வீட்டுக்குச் சாப்பிடப் போறான்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், இவன் போனது பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைக்கு இன்சுலின் ஊசி போட. கேக் மாஸ்டர் மகனுக்கே சர்க்கரையான்னு கேலி பேசுவாகன்னு யார்கிட்டயும் மூச்சு விடலையாம்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்படியுமா வரும்?

“முன்னெல்லாம் வகுப்புல யாரு மிட்டாய் குடுத்தாலும் இவன் மட்டும் வேணாம்னு தலையைக் குனிஞ்சுக்கிருவான். ஏன்டா வேணாங்கிறன்னு பிள்ளைக சுத்தி நின்னு கேக்கும். வீட்டுக்கு வந்து அழுவான். பொறுக்க முடியாம டீச்சர்கிட்ட சொன்னேன். மறுநாள்லருந்து யாரும் இனிப்புக் கொண்டுவரக் கூடாதுன்னு ஆயிருச்சு. இப்ப அவனும் எல்லாரோடவும் உக்காந்து கடலை திங்கிறான்.”

“நல்லவேளைப்பா. அரசாங்க உத்தரவும் அந்த நேரம் பார்த்து வந்திருக்கு”ன்னேன்.

பேச்சிமுத்து மனுவை மடிச்சு என் கையிலயே குடுத்தான்.

“அரசாங்கம் இனிப்பைக் கொறைங்கன்னுதான் சொல்லியிருக்கு மொதலாளி. பொறந்தநாளுக்கு மிட்டாய் கூடாதுன்னு ஒரு உத்தரவும் கெடையாது. எம் பிள்ளை பேரு வெளிய வந்துறக் கூடாதுன்னு டீச்சரா சொன்ன பொய் அது. அதுக்குத்தான் ஊர்ல இத்தனை பேருகிட்டயும் ஏச்சு வாங்குறாக.”