முன் சக்கரத்தின் சாட்சி

“டாக்டர் கூடாதுன்னு சொன்ன பொறவும் வண்டிய எடுத்திருக்கீங்கப்பா. இந்தா, டிஸ்க்கே சொல்லுதே!”

ஜாக்கியில் உயர்ந்து நின்ற காரின் முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜெயபாண்டி அதன் பின்னாலிருந்த பிரேக் டிஸ்க்கின் இரும்பு வட்டில் விரலை ஓட்டினான். ராணுவத்தில் வண்டி மெக்கானிக். விடுப்பு முடிந்து அன்று மாலையே ரயிலேற வேண்டியவன். முந்தின நாள் தேவதானம் போய்வருகையில் பிரேக் கிறீச்சிட்டதால், காலையிலேயே புது டிஸ்க்கும் பேடும் சேர்ந்த செட்டு வாங்கிவந்து ராஜபாளையத்து வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கியிருந்தான்.

அவன் அப்பா சிவபாண்டி ஓய்வுபெற்ற போலீஸ் டிரைவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று போன ஆடியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஆண்டாளக் கும்புட ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வண்டி போயிருக்கும்லே, ஒண்ணு ரெண்டு தடவ” என்றார் சிவபாண்டி, தரையைப் பார்த்தபடி.

“ஒண்ணு ரெண்டா? டாக்டர் சொன்ன பொறவு, போன பொங்கலுக்கு நான் மாட்டுன புது டிஸ்க்கு இது. டிஸ்க்க அழுத்திப் பிடிக்குத பேடு, அட்டை கனத்துக்குத் தேஞ்சிருச்சு. டிஸ்க்கு சூட்டுல நீலம் பூத்திருக்கு. பிரேக்குல காலை வச்சுக்கிட்டே, பயந்து பயந்து ஓட்டுன ஆளோட வேலை இது.”

“நல்லாக் கேளுய்யா” என்று காபித் தம்ளருடன் வந்தாள் அம்மா வெங்கடேஸ்வரி. “நான் சொன்னா அவியளுக்கு ஏறுதா?”

சிவபாண்டி மனைவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தலைகுனிவு ஜெயபாண்டியை என்னவோ செய்தது. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளவக்கல் அணைக்குப் போவார்கள். மூடி தொலைந்த தூக்குவாளி நிறைய மோரை மடியில் வைத்தபடி அம்மா முன்னால் உட்கார்ந்திருப்பாள். வழியில் ஆடு குறுக்கே வந்தாலும், மாடு குறுக்கே வந்தாலும், அம்மாவின் சேலையில் ஒரு சொட்டுச் சிந்தாது. தூரத்திலேயே வேகத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் பூவைத் தொடுவதுபோல் பிரேக்கைத் தொடுவார் அப்பா. பின்சீட்டில் உறங்கும் அவனுக்கு வண்டி நின்றதே தெரியாது. ‘இன்னும் வரலையாப்பா?’ என்று கேட்டுக்கொண்டே கண்விழித்தால் எதிரே அணை இருக்கும்.

அந்தக் கால்தானா இப்படித் தடுமாறியிருக்கிறது? கழற்றி எடுத்த தேய்ந்த டிஸ்க்கு கையில் திடீரென்று கனத்தது.

“கோவிச்சுக்கிடாதீங்கப்பா. வண்டிய வித்துருவோம். கிருஷ்ணன்கோவில்ல ஒரு வாத்தியார் கேக்காரு.”

“விக்காதலே.” சிவபாண்டி வண்டியின் கதவில் கைவைத்தார். “வாசல்ல நிக்கட்டும்.”

“நின்னா நீங்க எடுப்பீங்க. எங்கயாவது மோதிட்டா, அங்க இருந்து நான் வந்து சேரவே மூணு நாளாகும்.”

“ஏலே, சாவிய என்கிட்டக் குடுத்துட்டுப் போ” என்று இடையில் புகுந்தாள் வெங்கடேஸ்வரி. “அவிய ஸ்டியரிங்கத் தொட்டா என்னக் கேளு!”

ஜெயபாண்டி யோசித்தான். அம்மாவின் கண்டிப்புக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனே அடங்கும். சரி என்று தலையசைத்தான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும் என்பதால் இரண்டு முன் சக்கரங்களுக்கும் புது டிஸ்க்கு மாட்டினான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புதுப் பேடுகளைப் பொருத்தி, சக்கரங்களை முடுக்கி வண்டியை இறக்கினான்.

“அம்மா, செத்த உள்ள உக்காந்து பிரேக்க மிதி. பெடல் கல்லு மாதிரி ஆகுத வரைக்கும் மிதிக்கணும்.”

“எனக்கு என்னய்யா தெரியும்? இதுல எது பிரேக்கு?”

“நடுவுல உள்ளது” என்றார் சிவபாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப்பார்த்தான். மோர் வாளி இருந்திருந்தால் சிந்தியிருக்காது.

மாலையில் ஆட்டோ வந்தது. அப்பாவின் கையைப் பற்றியபோது அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. ஓட்டுவது ஒன்றையே பெருமையாகக் கொண்டிருந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறோம் என்று தோன்றியது. சாவியை அம்மாவிடம் நீட்டினான்.

“அப்பா கையில மட்டும் குடுத்துராதம்மா.”

“ஆண்டாள் மேல சத்தியம்யா. அவிய இந்த வண்டிய ஓட்டவே மாட்டாவ. நீ நிம்மதியாப் போயிட்டு வா.”

ஆட்டோ தெருமுனையில் மறைந்தது. வெங்கடேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி அமர்ந்தாள். சிவபாண்டி இடப்பக்கக் கதவைத் திறந்து அவளருகில் உட்கார்ந்தார்.

“ஏட்டி, நீ லைசென்சு வாங்கி அவன்கிட்டக் காட்டுறதுக்குள்ள இந்த டிஸ்க்கையும் தின்னுராத. மொதல்ல பிரேக்குல இருந்து காலை எடு!”