மாலைக்கு நின்றவள்

ஏழாவது கிலோமீட்டரில் ஷாரோனின் இடது கெண்டைக்கால் கல்லாகிப் போனது. ஒன்பதாவதில் வலி விலாவுக்கு ஏறியது.

அவள் நிற்கவில்லை.

நெம்மேலியில் கிளம்பி ஈசிஆர் வழியாக மாமல்லபுரத்தில் முடிகிற பத்து கிலோமீட்டர் ஓட்டம். கம்பெனி, தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்காக வைத்தது. இரண்டாம் பரிசு குக்கர். மூன்றாம் பரிசு சுவர்க்கடிகாரம். முதல் பரிசு, ஒரு வருஷத்துக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்.

குக்கரை யார் கேட்டார்கள்?

மாசத்தில் பாதி நாள் நைட் பார்க்கிறவளுக்குத்தான் பகலின் அருமை தெரியும். மகள் ஜெனிஃபருக்கு நாலு வயசு. வீட்டில் இருப்பவர்களை வரையச் சொன்னால் அப்பாவை நிற்க வைத்து, அம்மாவைப் படுக்க வைத்து வரைகிறாள். டீச்சர் பதறிப்போய், "அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று போன் போட்டே கேட்டுவிட்டார்.

கல் சிற்பக் கடைகள் வந்துவிட்டன. பாதி செதுக்கிய புத்தர்களும் முகம் வராத பிள்ளையார்களும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஷாரோன் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மெஷின் அன்பரசி மட்டும் கூப்பிடு தூரத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆளே இல்லை.

வளைவு திரும்பியதும் பேனர் தெரிந்தது.

கட்டியவன் அவள் புருஷன் ஜோயல். ஃப்ளெக்ஸ் கட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, காரியம் நடப்பதற்கு முந்தின நாளே சவுக்குக் கம்பம் நட்டு முடித்திருக்க வேண்டும். அதே வழக்கத்தில் இதையும் நேற்று சாயங்காலமே கட்டிவிட்டான். 'முதல் பரிசு வென்ற எங்கள் தங்க மங்கை ஷாரோன் அவர்களுக்கு வாழ்த்துக்கள்.' ஷாரோனின் படம் ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு. ஜோயலின் கூட்டாளிகள் பதினோரு பேர் கூலிங்கிளாசோடு ஆளுயரத்துக்கு நின்றார்கள்.

"வந்துகினு கீறாடா! எல்லப்பா, கொளுத்து!" ஜோயல் கூட்டாளிக்குக் குரல் கொடுத்தான்.

சரவெடி வெடித்தது. மேளம். புகை. கூட்டம் உள்ளே வராமல் ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு ஜோயல் ரோட்டுக்குள் குதித்தான். கையில் முழங்கால் வரை தொங்கும் சம்பங்கி மாலை.

முடிவுக் கோடு ஷாரோனுக்குத் தெரியத்தான் செய்தது. சுண்ணாம்புப் பவுடரில் போட்ட வெள்ளைக் கோடு. மாலைக்கும் அதற்கும் முப்பது அடி இருக்கும்.

ஆனால் மாலை என்று ஒன்று எதிரே வந்தால் நிற்க வேண்டும், குனிய வேண்டும், கழுத்தைக் கொடுக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டு ஓடுகிற பழக்கம் நம் பக்கத்தில் எவருக்கும் கிடையாது. அதிலும், கல்யாணத்துக்குப் பிறகு அவள் கழுத்தைத் தேடி வந்த முதல் மாலை அது.

நின்றாள். குனிந்தாள். மாலை விழுந்தது. இரண்டு கையையும் உயரத் தூக்கினாள்.

அடுத்த நொடி ஜோயல் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் கடல்கூடத் தெரிந்தது. வலியெல்லாம் எங்கோ போய்விட்டது. ஷாரோன் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே, ஜோயலின் முழங்கையை உரசிக்கொண்டு, வியர்வையில் நனைந்த பின்னல் ஒன்று போனது.

அன்பரசி கோட்டைத் தாண்டி இன்னும் நாலு எட்டு ஓடி, ரோட்டோர மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"முதல் பரிசு, அன்பரசி!" என்றார் கம்பெனி ஆபீசர் ராஜகோபாலன், மைக்கில்.

விஷயம் புரியாத மேளக்காரன் மட்டும் மேலும் ரெண்டு தட்டு தட்டினான்.

ஷாரோன் தோளிலிருந்து இறங்கி, மாலையோடு நடந்துபோய்க் கோட்டைத் தாண்டினாள். குக்கர் அவளுக்கு.

ஜோயல் மணலுக்கே போய்விட்டான். "இன்னாம்மா இது? மாலைக்கு நின்னவள தாண்டிகினு போயி ஜெயிச்சிட்டேன்னா, நாயமா?"

"இன்னா மாலை?" அன்பரசி நிமிர்ந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. "நான் எதையும் பாக்கலண்ணா. கோட்டை மட்டுந்தான் பாத்துகினு வந்தேன்."

"மேளம் கூடவா கேக்கல?"

"மேளம் அடிச்சீங்களா?"

எல்லப்பன் ஜோயலின் காதில் குனிந்தான். "மச்சான், பேனர்ல பேர மட்டும் ஒட்டி மாத்திடலாமா?"

"சும்மா இர்ரா! திருட்டு ஓட்டம்டா இது! நான் உட மாட்டேன்!"

ஷாரோன் வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத. நேத்து நைட் நான் வூட்ல படுத்துத் தூங்கினேனே, என் மெஷின்ல யாரு நின்னதுன்னு நெனச்ச?"

ஜோயல் அன்பரசியைப் பார்த்தான்.

சாயங்கால ஷிஃப்ட்டை முடித்து, அப்படியே ஷாரோனின் நைட்டையும் சேர்த்துப் பார்த்து, காலை ஆறு மணிக்கு யூனிஃபார்மைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு நேராக நெம்மேலிக்கு வந்து இறங்கியவள் அவள். 'நீ தூங்குக்கா, காலையில ஓடணும் இல்ல' என்று அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

நைட்டுக்கு நைட் என்பது அந்தப் பெண்களுக்குள் சட்டம். உனக்காக ஒருத்தி நின்றால், அவளுக்காக நீ ஒரு நாள் நிற்க வேண்டும்.

அன்பரசிக்கு இனி ஒரு வருஷத்துக்கு நைட்டே கிடையாது. ஷாரோன் அவளுக்கு ஒரு நைட் ஷிஃப்ட் பாக்கி.