எடுக்காத வழக்கு

"துப்பாக்கி கேஸ் நாங்க எடுக்கறதில்லம்மா," என்றார் வக்கீல் சொக்கன்.

போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு மாடி அறை. உரிமைக் குழு அங்கேதான் இயங்கியது. வாசலில் பலகை கிடையாது. ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்த நபீஸா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பர்மிய மரியாதைப்படி அவரைச் 'சயா' என்றே அழைத்தாள்.

"அவன் சுடவே இல்ல சயா. பயத்துல தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குவான். அப்படியே பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை இன்சீன் ஜெயிலுக்குள்ளயே விசாரணை. வக்கீல் இல்லேன்னா தூக்குதானாம்."

"பேசினவன், எழுதினவன், ஊர்வலம் போனவன், இவங்களுக்குத்தான் நாங்க வாதாடறோம். துப்பாக்கி வெச்சுக்கறது உரிமையில சேராது."

"எங்க வார்டுத் தலைவர் இடுப்புல ஒண்ணச் செருகிக்கிட்டு மீன் வாங்க வர்றாரு. சர்க்காரே லைசென்ஸ் கொடுத்திருக்கு. அவர் வெச்சா பாதுகாப்பு, இவன் வெச்சா தூக்கா?"

"அநியாயம்தான். இல்லேங்கல."

"அதைக் கேக்கத்தானே சயா இந்தக் குழு?"

கீழே படகு கிளம்பும் சத்தம் கேட்டது.

"இதைத் தொட்டா எங்களையும் துப்பாக்கிக் கூட்டம்னு சொல்லி மூடிடுவாங்க. துண்டுச்சீட்டு கொடுத்துட்டு உள்ள கிடக்கற பொண்ணுங்களுக்கு அப்புறம் யார் போவா? பெத்தவங்களுக்கு இது கசக்கும். ஒருத்தனுக்காக அத்தனை பேரையும் கைவிட முடியாது."

"முடிவா சொல்றீங்களா?"

"முடிவாத்தான். பேரைச் சொல்லுங்க, வேற யாராவது எடுப்பாங்களான்னு கேக்கறேன்."

"வேற யார்கிட்டயும் போகக் கூடாதுன்னுட்டான்."

நபீஸா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கதவு வரை போனவள் நின்றாள்.

"அவன் நான் பெத்த புள்ள இல்ல சயா. ஒரு வருசமா எங்க வீட்டுல ஒளிஞ்சிருந்தான். யாரோ ஒருத்தனுக்குன்னு கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா எம்பேரைச் சொல்லாம வந்துடுங்கன்னு ஜெயில்லேர்ந்து சொல்லியனுப்பினான். என்னால அப்படிப் போக முடியல."

சொக்கன் நிமிர்ந்தார்.

"பாலசந்தர் இனி என் மகன் இல்லைன்னு போன வருசம் நீங்க பேப்பர்ல போட்டப்பகூட, இல்லேன்னா சர்க்கார்ல வீட்டுக்கு சீல் வெச்சுடுவாங்கல்ல, அப்பா வேற என்ன பண்ணுவாருன்னு உங்கள விட்டுக்கொடுக்காமத்தான் பேசினான்."