நீ என்று சொன்ன வாத்து

துறைமுகத்துப் புன்னை மரத்தில் பொன்னலகி என்றொரு மைனா இருந்தது. ஒருநாள் சீனக் கப்பலிலிருந்து தப்பி வந்த வாத்து ஒன்று பசியோடு மரத்தடியில் நின்று, மைனாவைப் பார்த்து "நீ" என்றது.

பொன்னலகிக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீர்களா, இவன் தமிழ் பேசுகிறான். நம் சொந்தக்காரன்" என்று கிளை கிளையாகப் போய்ச் சொன்னது. பறவைகள் பழமும் புழுவுமாகக் கொண்டுவந்து குவித்தன.

கப்பல்களில் ஊர் சுற்றிய காகம் மட்டும் சிரித்தது.

"சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். ஆனால் அது அங்கே பிறந்த சொல், நம்முடையது இங்கே பிறந்தது. ஜப்பானில் 'நீ' என்றால் இரண்டு. நாளைக்கு அந்த ஊர்க் கொக்கு வந்தால் அதுவும் சொந்தமா?"

பறவைகள் கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டன. வாத்து ஒன்றும் புரியாமல் விழித்தது.

பொன்னலகியின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அதற்குப் போக மனம் வரவில்லை. தன் பங்குப் பழத்தை வாத்தின் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்துக் குட்டைத் தண்ணீரைக் காட்டி, "இதை உன் ஊரில் என்னவென்று சொல்வார்கள்?" என்று கேட்டது.

வாத்து குட்டையையும் மைனாவையும் மாறி மாறிப் பார்த்து, "ஷுவெய்" என்றது.

தமிழுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "ஷுவெய், ஷுவெய்" என்று சொல்லிக்கொண்டே பொன்னலகி அடுத்து ஓர் இலையைக் கொத்திக்கொண்டு ஓடிவந்தது.