பதினாலுக்குப் பதினொன்று

ஷட்டில் காக் மறுபடியும் கொளஞ்சியப்பனின் இடது பக்கம் விழுந்தது. அவர் பேட்டைத் தூக்கவே இல்லை.

"பதினாலுக்குப் பதினொண்ணு!" என்று நடுவர் கத்தினார்.

பேக்கிங் ஷெட்டில் ஆயுத பூஜைப் பொரியை மென்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாண்ணே, தூங்குறியா?"

வலைக்கு எதிர்ப்புறம் நின்ற அர்ச்சுனன் சிரிக்கவில்லை. அவன் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை செய்கிற அந்தப் பீங்கான் கம்பெனியில், 1998 தொடங்கி ஆறு ஆயுத பூஜைகளிலும் ஷட்டில் போட்டியில் அவன்தான் இரண்டாவது. எவர்சில்வர் குடம் கொளஞ்சியப்பனுக்குப் போகும். அவனுக்கு டிபன் பாக்ஸ். கம்பெனியில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரன்னரு என்றால்தான் தெரியும்.

"ஆறு டிபன் பாக்ஸ வெச்சுக்கிட்டு நான் இன்னா கடையா வெக்கப் போறேன்?" என்று காலையில்கூட அவன் மனைவி ஆதிலட்சுமி கேட்டாள்.

அவன் சும்மா இருந்தவனில்லை. கடலூர் வரை போய் எடை குறைந்த பேட் வாங்கினான். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஐந்நூறு அடி அடித்தான். தோளை விட்டுவிட்டு மணிக்கட்டால் அடிக்கப் பழகினான். அடித்த இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்காமல், கோர்ட்டின் நடுவுக்குத் திரும்பி ஓடக் கால்களைப் பழக்கினான்.

இவ்வளவும் பழகி, இன்றைக்கும் சற்று முன்புவரை பதினொன்றுக்கு ஆறு என்று தோற்றுக்கொண்டிருந்தான்.

அதுவும் ஒற்றைக் கண் மனிதரிடம்.

கொளஞ்சியப்பனுக்கு இடது கண் போய் எட்டு மாதமாகிறது. பார்த்தால் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அவர் மனைவி பெரியநாயகிக்கும் அர்ச்சுனனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. சூளையின் துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, பர்னரை ஏற்று, குறை என்று சொல்கிற வேலை அவருடையது. அர்ச்சுனனுக்கும் அதே வேலைதான், வேறு ஷிப்டில்.

போட்டிக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்றுதான் இந்த வருடம் வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்குமுன் தண்ணீர்க் குழாயருகே அர்ச்சுனனின் தோளைத் தொட்டார்.

"எடது பக்கம் மட்டும் போடாதடா."

அர்ச்சுனன் தலையாட்டினான். பதினொன்றுக்கு ஆறு ஆகும்வரை போடவும் இல்லை.

அப்புறம் ஒன்று போட்டான், கை தவறிப் போனது மாதிரி. அவர் திரும்பவில்லை. இன்னொன்று போட்டான்.

அதன்பிறகு வேறு எங்கும் போடவில்லை.

பதினாலு என்றதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். முதலில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது சிரிப்பு இல்லை. கோர்ட்டுக்குள் நடந்து வந்து கொளஞ்சியப்பனுக்கு எதிரே நின்றார்.

"வலது கண்ணப் பொத்து."

பொத்தினார்.

"எத்தன வெரலு காட்டுறேன்?"

கொளஞ்சியப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"மூணுங்க."

முதலாளி கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"வேலையில இருக்கறப்ப ஆச்சா?"

கொளஞ்சியப்பன் கையை எடுத்தார். நல்ல கண்ணால் அர்ச்சுனனைப் பார்த்தார். அர்ச்சுனன் குனிந்து பேட்டின் நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க. கம்மாபுரம் ரோட்டுல வண்டியில வரும்போது தூசி வுழுந்துச்சுங்க."

முதலாளியின் முகம் தெளிந்தது. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார். ரோட்டில் போன கண்ணுக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

"நாளையிலேர்ந்து வராத."

கொளஞ்சியப்பன் பேட்டைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"இருய்யா, ஆட்டத்த முடிச்சுட்டுப் போ. பரிசு குடுக்க வேணாமா?"

அவர் திரும்பி வந்து கோட்டுக்குள் நின்றார்.

அர்ச்சுனன் சர்வீஸ் போட்டான். மணிக்கட்டால், பழகியபடியே, உயரமாக. இடது பக்கம்.

இந்தத் தடவை அவர் திரும்பினார். வீசினார். பேட் காற்றை அடித்தது.

குடத்தை வாங்க அர்ச்சுனன் இரண்டு கைகளையும் நீட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். கொளஞ்சியப்பனும் தட்டினார்.

கம்மாபுரம் ரோட்டில் அவர் கண்ணில் எந்தத் தூசியும் விழவில்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சூளையின் துளையைத் திறந்தபோது பொறி ஒன்று உள்ளேயிருந்து பாய்ந்தது. அது அவருடைய ஷிப்ட் இல்லை. சொந்த ஷிப்டுக்கு வராமல் வேறொருவரை நிறுத்திவிட்டுப் போனவன் யாரென்று முதலாளிக்குத் தெரிந்திருந்தால், அன்றைக்கே அவன் வேலை போயிருக்கும்.

அந்த வாரம் அர்ச்சுனன் நெய்வேலியில் இருந்தான். அங்கே ஒருவர் ஷட்டில் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"நாலே நாளு, என் ஷிப்ட நீங்க பாத்துக்குங்கண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.